பதினொன்று பத்துக்கு நான் திட்டிக்கொண்டிருந்தேன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் இருமிச் சமாளித்ததை நீ கவனித்திருப்பாய். "அப்பா, அன்னைக்கு மண்டபத்துல நீங்களும் மாமாவும் என்னதான் சண்டை போட்டீங்க? அவரைக் கேட்டா சிரிக்கிறாரு. அம்மாவைக் கேட்டா சாப்பாட்டு விஷயம்ங்கிறாங்க" என்று கேட்டாய். பின்னால் ரெஜினா சிரிக்கும் சத்தமும் கேட்டது. நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பேசியே பிழைத்தவன் நான். சிதம்பரத்தில் நான் ஏறி இறங்காத மாடிப்படி கிடையாது, நான் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்க வைக்காத வீடு குறைவு. ஆனாலும் இதைப் பேசிச் சொல்ல எனக்கு வரவில்லை. சில நேரம் வார்த்தை இன்னும் நடுவில் நின்றுவிடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கம். அதனால் எழுதுகிறேன். வலது கை மறுபடி பேனா பிடிக்கப் பழகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முன்பும் ஒன்றும் முத்து முத்தாக இருந்ததில்லை.

உனக்குத் தெரிந்தது பாதிதான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு ஸ்ட்ரோக் வந்தது, ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டேன். நீ பெங்களூரிலிருந்து மறுநாள் காலை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தபோது நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "வா" என்றேன். அந்த ஒரு எழுத்தைக் கேட்டு நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டாய், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு பத்திரிகை, புடவை, மண்டபம் என்று எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. நடந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது மனசு நிறைவாக இருக்கிறது. உடம்பு சொன்னதைக் கேட்கிறது. சாயந்திரம் கோயிலைச் சுற்றி நாலு வீதியும் நடந்துவிட்டு வருகிறேன். இப்படிச் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில்தான் என் தப்பையும் தைரியமாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

அன்று காலை நானும் உன் அம்மாவும் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் போனோம். வரவேற்புக்கு எடுத்திருந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும், சமையலை முடிவு செய்ய வேண்டும். வழி முழுக்கப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொண்டே போனேன், அவர் தூங்கிய பிறகும் பேசினேன். மண்டபத்து வாசலில் உன் மாமனார் காத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமியை அப்போது எனக்குப் பிடிக்காது. ஒல்லியான ஆள், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாட்சை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். "பத்து நாப்பதுக்கு வந்துட்டீங்க" என்றுதான் வரவேற்றார். யாராவது "வாங்க" என்று சொல்வதற்குப் பதில் மணியைச் சொல்வார்களா என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். உண்மையில் அவர் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது.

நீயும் ரெஜினாவும் விரும்பியதற்கு நான் வாயால் சம்மதம் சொன்னேன். உள்ளுக்குள் சொல்லவில்லை. "பொண்ணு எந்த ஊரு?" என்று நம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கடலூர் என்பேன். "இல்ல, எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். அது எதைக் கேட்கிற கேள்வி என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் எல்லாத் தெருவிலும் பாலிசி விற்றவன் நான். ஆனால் எந்தத் தெருவில் காபி குடிப்பது, எந்தத் தெருவில் "இப்பத்தாங்க குடிச்சேன்" என்று சொல்வது என்று எனக்குள் ஒரு வரைபடம் இருந்தது. அதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நானும் ஒரு நாளும் அதை எடுத்துப் பார்த்து இது சரியா என்று யோசித்ததில்லை.

உன் அம்மா முன் ஹாலில் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்து மேனேஜர் என்னையும் உன் மாமனாரையும் பின்பக்கம் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனார். "என் தங்கச்சி பையன்தான் மாவட்டம் பூரா சர்ச் திருவிழாவுக்கெல்லாம் சமைக்கிறான் சம்பந்தி. இதையும் அவனே செய்யறேன்னு ஆசைப்படுறான்" என்றார் உன் மாமனார். சிதம்பரத்திலிருந்து நாங்களே ஆள் கூட்டி வருகிறோம் என்றேன். ஏன் என்றார். எங்கள் பக்கம் பிரியாணி ஒத்துவராது என்றேன். "சரி, பிரியாணி வாணாம். சைவமே போட்டுக்கலாம். அவன் சாம்பாரு சூப்பரா வைப்பான்" என்றார். பந்தி முறை தெரியாது என்றேன். "நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க, அவன் கத்துக்குவான்" என்றார். நான் எதைச் சொன்னாலும் அவர் இறங்கி வந்தார். மறைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாக்கும் மிச்சம் வைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் அதைச் சொன்னேன். "உங்க ஆளுங்க சமைச்சா எங்க சனம் கை நனைக்காது. இதுகூடவா ஒரு மனுஷனுக்குப் புரியாது?"

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் மாமனார் என்னைப் பார்க்க முடியாமல் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். இந்த இடத்தை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள், ஏனென்றால் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது அந்தப் பார்வைதான். மணி பதினொன்று பத்து.

நான் நிறுத்தவில்லை. "அதனால நாங்க" என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். "நாங்க" என்ற சொல் கொழகொழவென்று வந்தது. மறுபடி சொன்னேன், இன்னும் மோசமாக வந்தது. வேறு யாரோ பேசுவது போல என் குரல் எனக்கே கேட்டது. கதவைப் பிடித்திருந்த வலது கை தானாக வழுக்கிக் கீழே இறங்கியது. வலி கிடையாது, தம்பி. அதுதான் இதில் பெரிய ஏமாற்று. வலித்திருந்தால் கத்தியிருப்பேன். கோபத்தில் நாக்குக் குழறுகிறது என்றுதான் நினைத்தேன். உன் மாமனார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "சம்பந்தி, சிரிங்க" என்றார். அப்படி ஒரு வார்த்தை சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறாரே, இவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தேன். "பல்லைக் காட்டுங்க சம்பந்தி, ஒரு தடவை" என்று கெஞ்சினார். காட்டினேன். பாதி வாய்தான் போனதாம். "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார். இடது கை போனது. வலது கை கொஞ்சம் எழுந்து விழுந்தது. அடுத்த நொடி அவர் தோள் என் அக்குளுக்குள் இருந்தது.

மேனேஜர் சோடா கொண்டுவர ஓடினார். "ஒன்னும் குடுக்காதீங்க, பொறை ஏறிடும். காரை எடுங்க" என்று உன் மாமனார் தடுத்தார். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று பிற்பாடு கேட்டேன். பதினோரு வருஷம் அவரோடு ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவருக்குப் புதுச்சத்திரம் அருகே வாய் கோணியிருக்கிறது. வெயில், பித்தம் என்று சொல்லி சோடா கொடுத்து, ஷெட்டில் சாயந்திரம் வரை படுக்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியதாம். எதைக் கேட்டாலும் "ரைட்" என்பாராம். பசிக்கிறதா என்றாலும் ரைட், வலிக்கிறதா என்றாலும் ரைட். "அவரைப் பாக்கப் போயிட்டு வந்த அன்னைக்கே இதையெல்லாம் கேட்டு வச்சிக்கிட்டேன்" என்றார் உன் மாமனார்.

காரில் உன் அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "சிதம்பரத்துக்கே போயிடலாம்ணே. நம்ம டாக்டருக்கு இவரு உடம்பு தெரியும்" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. தெரிந்த ஊர், தெரிந்த கட்டில். "போவ ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும் தங்கச்சி. இங்கியே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஸ்கேன் எடுக்காம யாரும் ஒன்னும் பண்ண முடியாது" என்றார் அவர். உங்கள் இருவருக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். யாருக்காவது முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், பழக்கப்பட்ட டாக்டரைத் தேடாதீர்கள், படுத்து எழுந்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். உடனே மூளையை ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், என்னை ஸ்கேனுக்குள் அனுப்பிப் படம் எடுத்தார். "நரம்பு டாக்டர் இங்க இல்லைங்க. சென்னையில இருக்காங்க, ஸ்க்ரீன்ல வந்து பாப்பாங்க" என்றார். உன் அம்மா அழுதேவிட்டாள். "டிவியில வைத்தியம் பாப்பாங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த நர்ஸ், நடுவயசுக்காரி, அவள் தோளைத் தொட்டு, "அவுங்க பாப்பாங்கம்மா. நான் அவுங்களுக்குக் கையா இருப்பேன். தெனமும் பண்றதுதான், பயப்படாதீங்க" என்றாள். சக்கரம் வைத்த கம்பத்தின்மேல் ஒரு திரையைத் தள்ளிக்கொண்டு வந்து என் கால்மாட்டில் நிறுத்தினார்கள். அதன் உச்சியில் ஒரு கேமரா. யாரும் தொடாமலே அது காக்கை தலை சாய்ப்பது போலத் திரும்பி என்னைப் பார்த்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். நம் ரெஜினாவைவிட ஏழெட்டு வயசு கூடுதலாக இருக்கும். "ஐயா, வணக்கம். நான் உங்களைப் பாக்குறேன். நீங்க என்னைப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அவசரமே இல்லை. என் ஸ்கேன் படம் ஏற்கெனவே அவர் முன்னால் இருந்தது, மூளையில் ரத்தம் கசியவில்லை, அடைப்புதான் என்று பிறகு உன் அம்மாவுக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொல்லச் சொல்ல நர்ஸ் செய்தாள். கண்ணை மூடித் திறங்க, கையை மூடித் திறங்க என்றார்கள், இடது கையால் செய்தேன். நர்ஸின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டு கையையும் நீட்டி வைத்துப் பத்து எண்ணினார்கள், வலது கை இரண்டிலேயே மெத்தையில் விழுந்தது. காலைத் தூக்கச் சொல்லி ஐந்து எண்ணினார்கள். ஊசி முனையால் இரண்டு பக்கமும் தொட்டு எங்கே உறைக்கிறது என்று பார்த்தார்கள். இது என்ன மாதம் என்று கேட்டார் டாக்டர். எனக்குத் தெரியும் தம்பி. மாதம் தெரியும், உன் கல்யாணத் தேதி தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பெண்ணாடம் கரும்பு ஆலையில் வேலை பார்த்தவர் என்றுகூடத் தெரியும். வாயைத் திறந்தால் "ஆ... ஆ" என்று மட்டும் வந்தது. நர்ஸ் படம் போட்ட ஒரு அட்டையைக் காட்டினாள். அதில் ஒரு சாவி இருந்தது. அது எதற்கு, எப்படித் திருப்புவது, நம் வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, எல்லாம் தெரிகிறது. அதன் பெயர் மட்டும் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. "பரவாயில்லைங்க ஐயா, உங்களுக்குத் தெரியுதுன்னு எனக்குத் தெரியுது" என்றார் அந்த அம்மா. சென்னையில் எங்கேயோ உட்கார்ந்திருந்தவர், என் பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துச் சொன்னது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அவர் கேட்டார். "கடைசியா இவர் நல்லா இருந்ததை யார் பாத்தீங்க? எத்தனை மணிக்கு? அது ரொம்ப முக்கியம்." உன் அம்மா பதினொன்றரை இருக்கும், பதினொன்று இருக்கும் என்று திணறினாள். அந்த நேரம் பார்த்துத் திரை அப்படியே உறைந்துபோனது. அந்த அம்மாவின் வாய் திறந்தபடி நிற்கிறது, சத்தம் இல்லை. நர்ஸ் சட்டென்று தன் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, என் தலைமாட்டில் வைத்தாள். "நான் லைன்ல இருக்கேன், சொல்லுங்க" என்று குரல் வந்தது.

உன் மாமனார் முன்னால் வந்தார். "பதினொன்னு பத்துங்க டாக்டர். அப்ப நல்லா இருந்தாரு."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"அப்ப அவரு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாருங்க. நான் வாட்சைப் பாத்தேன்."

"திட்டும்போது பேச்சு தெளிவா இருந்துச்சா?"

"ரொம்பத் தெளிவா இருந்துச்சு டாக்டர். ஒரு எழுத்துகூடக் குழறல."

"என்ன சொல்லித் திட்டினார்?" பேச்சு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த அம்மா கேட்டிருப்பார்.

உன் அம்மா அவரைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவர் என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பதில் சொல்ல என்னிடம் நாக்கு இல்லை. அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சமையல் விஷயம்ங்க. சாம்பாரு யாரு வைக்கிறதுன்னு" என்றார். போனுக்குள் டாக்டர் லேசாகச் சிரித்தார். "நல்லவேளை திட்டினார். நேரம் தெரிஞ்சிடுச்சு" என்றார். திரையும் மறுபடி உயிர் பெற்றது.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்று உன் அம்மாவுக்கு அவர் சொன்னார். ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்க ஒரு மருந்து உண்டு, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், சீக்கிரம் போடப் போட நல்லது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் போடத் தயங்குவார்கள். தெரியாத நேரத்தைத் தெரிந்த மாதிரி சொன்னாலும் ஆபத்து. மாத்திரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். "தெனமும் சாப்பிடுறாரு டாக்டர். நானே எடுத்துக் குடுக்கிறேன்" என்றாள் உன் அம்மா. பாவம், அவள் கொடுத்தது உண்மை. நான்தான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போட்டேன். நாலு மாதம். பிரஷர் மாத்திரையை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று டீக்கடையில் யாரோ சொன்னதற்காக. உடம்பைக் கவனியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பாலிசி விற்றவன் செய்த காரியம் இது. அன்று பிரஷர் ஜாஸ்தியாக இருந்ததால் அதை இறக்கிய பிறகுதான் அந்த மருந்தைப் போட முடிந்தது. என் முட்டாள்தனத்துக்கு அந்த நிமிஷங்களும் செலவாயின.

மருந்தால் சிலருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஆகலாம் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். உன் அம்மா பேனாவை வைத்துக்கொண்டு உன் மாமனாரைப் பார்த்தாள். "உங்க முடிவுதான் தங்கச்சி. எங்க அண்ணனா இருந்தா நான் போடச் சொல்லுவேன்" என்றார் அவர். டாக்டர் என்னையும் கேட்டார். "ஐயா, நான் சொன்னது புரிஞ்சா, சம்மதம்னா, இடது கைக் கட்டை விரலைக் காட்டுங்க." காட்டினேன். அந்த அம்மாவும் திரைக்குள்ளிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. நர்ஸ் அடிக்கடி வந்து கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று பார்த்துத் திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வலது கைச் சுண்டுவிரல் அசைந்தது. உன் அம்மாதான் முதலில் பார்த்தாள், பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்து முடியும் நேரத்தில் டாக்டர் திரையில் மறுபடி வந்து, "பேச முயற்சி பண்ணலாமா? பக்கத்துல நிக்கிறாரே, இவரு உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். சம்பந்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் அகப்படவில்லை. தேடினேன். "ம" என்று வந்தது. "மச்... மச்சான்."

எப்படி அது வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முறைப்படி பார்த்தால் அது சரியான சொல்தான். ஆனால் அதுவரை ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிடுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நர்ஸ் கை தட்டினாள். டாக்டர் சிரித்தார். உன் மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பி அங்கே ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீ வந்து சேர்ந்து, குளிக்க உன் அம்மாவோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தாய். ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து நான் சரியாக விழுங்குகிறேனா என்று நர்ஸ் பார்த்துவிட்டு, இனி கஞ்சி கொடுக்கலாம் என்றாள். உன் மாமியார் வைத்து அனுப்பிய கஞ்சி தூக்கில் இருந்தது. உன் மாமனார்தான் ஊட்டினார். "ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச கை, சிந்தாது" என்றார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருந்தும், வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்காமல் வந்தவன் நான். நாலு ஸ்பூன் இறங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. "தப்பு... நான்... தப்பு" என்றேன். "டாக்டர் நெறைய பேசச் சொல்லியிருக்காங்க, நெசந்தான். ஆனா இதைப் பேச வாணாம் மச்சான். வேற ஏதாவது பேசுங்க" என்றார். வாயைத் திறந்தேன், அடுத்த ஸ்பூனைக் கொடுத்தார்.

சிதம்பரத்துக்கு வந்த பிறகு நடந்ததை நீ போனில் பார்த்திருக்கிறாய். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் வருவாள், படம் காட்டிப் பெயர் கேட்பாள். மற்ற நாட்களில் செவ்வாயும் வெள்ளியும் உன் மாமனார் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் முறை வேறு. "கடலூர் விட்டாச்சு மச்சான், அடுத்தது?" என்பார். நான் காரைக்காடு என்று சொல்ல வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பெரியப்பட்டு, பி.முட்லூர் என்று ஒவ்வொரு ஊராக நான் சொல்லிச் சிதம்பரம் வந்து சேர்ந்தால்தான் காபி. ஒரு நாள் பெரியப்பட்டில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். "வண்டி பிரேக் டவுன். பாசஞ்சர்லாம் எறங்கிக்கோங்க" என்றார். உன் அம்மா சமையல்கட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் பேசிக்கொண்டே இருந்ததால் கேட்காமல் விட்டிருக்கலாம்.

வரவேற்பு நாளில் சமைத்தது அவர் தங்கை மகன்தான். நானே போன் செய்து, தடுக்கித் தடுக்கி, "தம்பி, நீதான் சமைக்கணும்" என்றேன். சைவமும் உண்டு, பிரியாணியும் உண்டு. நீயும் ரெஜினாவும் மேடையில் நின்றுகொண்டிருந்ததால் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. இலை போட்டு முதல் பந்தி கூப்பிட்டார்கள். நம் சொந்தக்காரர்கள் வாசலிலேயே கும்பலாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், "அடுத்த பந்தியில ஒக்காந்துக்கிறோம்" என்றார்கள். என் பெரியப்பா மகன் என் காதோரம் வந்து, "சமையல் யாருடா?" என்றான். பழைய நானாக இருந்திருந்தால் அரை மணி நேரம் பேசி அவர்களைக் கரைத்திருப்பேன், அல்லது அவர்களோடு சேர்ந்து நின்றிருப்பேன். அன்று ஒரு சொல்லும் எழவில்லை. உள்ளே நடந்தேன். உன் மாமனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தேன். வலது கை நடுங்கியது, பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது. சாம்பார் ஊற்றினார்கள், பிசைந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு உன் சித்தப்பா பிள்ளைகள். பிறகு மளமளவென்று இடம் நிறைந்தது. பெரியப்பா மகனும் இன்னும் மூன்று பேரும் சாப்பிடாமல் போய்விட்டார்கள். போகட்டும். எனக்கு அது ஒரு துளி வருத்தத்தையும் தரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். அன்று இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன். அவன் நிஜமாகவே நன்றாக வைக்கிறான்.

ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மாமா சிரித்தது உன் அப்பாவைக் காப்பாற்றுவதற்காக. இனி அவர் சிரித்துச் சமாளிக்க வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். ரெஜினாவை நீ முதல் தடவை நம் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, உன் அம்மா ஊரில் இல்லை. நீ ஏதோ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். அவள் தண்ணீர் கேட்டாள். சமையல்கட்டில் டம்ளர்கள் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தன. நான் அவற்றைத் தாண்டிப் போய், அலமாரியில் விசேஷத்துக்கு வாங்கி மிச்சமிருந்த காகிதக் கப் ஒன்றை எடுத்து அதில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அந்தக் கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடித்தாள். பிறகு அதை மெதுவாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "குப்பைத் தொட்டி எங்க இருக்கு மாமா?" என்று கேட்டாள். என்னை முதன்முதலாக மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான். அதை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ நாள் அவளிடம் பேச வாயெடுத்தேன். அவள் மருந்து சாப்பிட்டீர்களா, நடக்கப் போனீர்களா என்று கேட்பாள், நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு அவளிடம் கொடு. நீ கதையாகச் சொல்லாதே, அவளே படிக்கட்டும். கோபம் வந்தால் கோபப்படட்டும், அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு, நீ குறுக்கே போகாதே. படித்து முடித்த பிறகு அவளுக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது எனக்குப் போன் போடச் சொல். இந்தத் தடவை நான் போனை உன் அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். தெரியும் எனக்கு. வாயில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். லைனில் சத்தம் இல்லையே என்று வைத்துவிட வேண்டாம், காத்திருக்கச் சொல்.

உன் அப்பா